எட்டாம் மாதத்தில் கால் உடைந்தால்: நான்கு கேள்விகள், எதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஐப்பசி மழை. மொட்டை மாடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு அவசரமாக இறங்கியபோது கடைசிப் படியில் வலது கால் மடங்கியது. எனக்கு அப்போது 34ஆவது வாரம். விழும்போது இரண்டு கைகளும் தாமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டன, உடம்பின் எடை முழுக்கக் கணுக்கால் மேல் இறங்கியது. எக்ஸ்ரேயில் கணுக்காலின் இரண்டு பக்க எலும்பிலும் விரிசல். எலும்பு விலகவில்லை. ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்றார் எலும்பு டாக்டர். பிரசவத் தேதிக்கும் சரியாக ஆறு வாரம்தான் இருந்தது.

அன்று மாலையே வீட்டில் நான்கு பேச்சுகள் ஓடின. புத்தூர் கட்டு போட்டால் சீக்கிரம் கூடிவிடும் என்றார் மாமியார். பிளேட் வைத்துவிட்டால் கவலை இல்லை என்றார் கொழுந்தனார். அம்மா தொலைபேசியில், "இங்கே கூட்டி வந்துடுங்க மாப்பிள்ளை" என்று அழுதார். பக்கத்து வீட்டு அக்கா, "இனிமே சிசேரியன்தான், வேற வழி இல்லை" என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு, யார் யார் வழியாகவோ என் எண்ணை வாங்கிப் பேசும் பெண்கள் எல்லாரும் இவற்றைத்தான் கேட்கிறார்கள்: எந்தக் கட்டு, எந்தப் பிரசவம், யார் வீடு. கூடவே நான்காவதாக, எதைப் பிடித்து நடமாடுவது என்றும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

## தேர்வுக்கு முன்: முதல் சில மணி நேரம்

விழுந்ததும் எல்லாருடைய கண்ணும் காலுக்குத்தான் போகும். முதலில் பார்க்க வேண்டியது வயிற்றை. விழுந்த அதிர்ச்சியில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியலாம், அது உடனே வெளியே தெரியாமலும் இருக்கலாம். அதனால் குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரமாவது கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். இரத்தப்போக்கு, வயிறு கல் மாதிரி இறுகுவது, குழந்தையின் அசைவு குறைவது இவற்றில் எது இருந்தாலும் எலும்பு காத்திருக்கட்டும். உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள், 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

எக்ஸ்ரேக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். காலில் எடுக்கும் எக்ஸ்ரேயில் வயிற்றுக்குப் போகும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். டைக்குளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. கடைசி மாதங்களில் அவை குழந்தையின் இதயத்துக்கு அருகில் உள்ள இரத்தக் குழாயையும் பனிக்குட நீரின் அளவையும் பாதிக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

குழந்தையின் பாதுகாப்பு முதலில். அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். அடுத்தது இரத்தக் கட்டி. கர்ப்ப காலத்தில் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட நான்கைந்து மடங்கு அதிகம். காலை அசைக்காமல் வைத்திருந்தால் இன்னும் கூடும், பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரமும் கூடுதலாகவே இருக்கும். மூன்றாவது, கூட இருக்க ஆள். நான்காவது, பணம்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை. குழந்தை பிறந்த பிறகு, இரவு இரண்டு மணிக்கு, நீங்கள் கட்டிலிலிருந்து எழ உடம்பில் எது மிச்சம் இருக்கும்? எழுவதற்கு நமக்குக் கால், கை, வயிற்றுத் தசை மூன்றும் வேண்டும். ஒரு கால் ஏற்கெனவே போய்விட்டது. மற்ற இரண்டையும் எந்த முடிவு காப்பாற்றுகிறது, எது பறிக்கிறது என்று பாருங்கள். பிரசவம் ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிந்திய ஆறு வாரத்துக்குத்தான் நாம் திட்டம் போடுகிறோம்.

## மாவுக்கட்டா, பிளேட்டா, புத்தூர் கட்டா?

மாவுக்கட்டு. எலும்பு விலகாமல் இருந்தால் இதுதான் போதும். ஆபரேஷன் இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவு குறைவு. மறைந்திருக்கும் தொல்லை வீக்கம். ஒன்பதாம் மாதக் கால் சாதாரணமாகவே சாயங்காலத்தில் வீங்கும், மாவுக்கட்டு விரிந்து கொடுக்காது. எனக்கு ஐந்தாம் நாள் இரவு விரல்கள் பளபளவென்று உப்பிக் கருநீலமாகிவிட்டன. ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துத் துளி இடைவெளி விட்டு மேலே துணி சுற்றினார்கள். அந்த நிமிடம் விட்ட பெருமூச்சு இன்னும் நினைவிருக்கிறது. விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ, விரலை அசைக்கும்போது தாங்க முடியாத வலி வந்தாலோ காலைவரை காத்திருக்காதீர்கள்.

ஃபைபர் கட்டு விலை கூடுதல், ஆனால் எடை நன்றாகக் குறையும். பிரசவத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: பனிக்குட நீரும் இரத்தமும் பட்டால் மாவு ஊறிக் கரையும், ஃபைபர் கரையாது. உள்ளே உள்ள பஞ்சு மட்டும் நனையும். எதுவானாலும் பிரசவத்தன்று பெரிய பிளாஸ்டிக் பையால் மூடி டேப் ஒட்டிவிடுங்கள். முழங்காலுக்கு மேல் வரை கட்டுப் போடுகிறார்கள் என்றால், கீழே மட்டும் போட்டால் போதுமா என்று ஒருமுறை கேளுங்கள். முழங்கால் மடங்கினால் பிரசவ அறையில் வேலை பாதி சுலபம்.

பிளேட். எலும்பு விலகியிருந்தால், மூட்டு நழுவியிருந்தால், தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் இது ஒரு தேர்வே இல்லை, செய்தாக வேண்டியது. கர்ப்பிணிக்கு ஆபரேஷன் கூடாது என்று தட்டிக்கழித்தால் எலும்பு கோணலாகக் கூடிவிடும். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து முடிக்க முடியும். மேஜையில் இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும் என்பதால் அப்படி. மறைந்த செலவு: தையல் ஆறும் நாட்கள், முன்கூட்டியே வலி எடுக்கும் சாத்தியம், இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசிகள். பிளேட் வைத்த மறுநாளே நடந்துவிடலாம் என்று நினைத்து இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலான உடைவுகளுக்கு அது நடக்காது, சில வாரம் ஊன்றக் கூடாது என்றுதான் சொல்வார்கள். கிடைக்கும் லாபம் வேறு: கழற்றி மாட்டும் பூட்ஸ் போட்டுக்கொள்ளலாம், கணுக்காலைச் சீக்கிரம் அசைக்கத் தொடங்கலாம்.

புத்தூர் கட்டு. ஆந்திராவின் புத்தூர்ப் பெயரைச் சொல்லி நம் ஊரில் தெருவுக்குத் தெரு கட்டுப் போடுகிறார்கள். பெரியவர்களின் நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை, என் மாமனாருக்கே கை அப்படித்தான் கூடியது. ஆனால் இந்த மாதத்தில் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய காலில் இரத்தக் கட்டி வந்தால் யார் பார்ப்பது? அங்கே வயிற்றில் உள்ள குழந்தையின் துடிப்பைப் பார்க்க ஆள் இல்லை, இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி இல்லை. மாமியாரிடம் இதை இப்படியே சொன்னேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்.

எந்தக் கட்டானாலும் ஒரு கேள்வி கட்டாயம்: "எனக்கு இரத்தம் உறையாம இருக்க ஊசி வேணுமா?" வயிற்றில் தோலுக்கு அடியில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. தினசரி ஊசி, அதன் விலை, போட்டுவிட ஒரு ஆள் என்று அதற்கும் செலவு உண்டு. நான் போட்ட ஒவ்வொரு ஊசியின் நேரத்தையும் காலண்டர் தாளில் எழுதி வைத்தேன். காரணம் கீழே வருகிறது.

## சுகப்பிரசவமா, சிசேரியனா?

இந்தக் கேள்வியில்தான் பயம் அதிகம், தவறான பேச்சும் அதிகம். கால் உடைந்ததற்காக மட்டும் சிசேரியன் செய்யத் தேவையில்லை. குழந்தை வரும் வழி இடுப்பெலும்பு. கணுக்காலும் கெண்டைக்கால் எலும்பும் அதில் குறுக்கிடுவதில்லை.

சிசேரியனின் கவர்ச்சி தேதி. நாள் தெரியும், வண்டி சொல்லி வைக்கலாம், பகலில் எல்லா டாக்டரும் இருப்பார்கள். முதல் நாள் சிறுநீர்க் குழாய் இருப்பதால் பாத்ரூம் போகும் போராட்டமும் இல்லை. ஆனால் விலையைப் பாருங்கள். சிசேரியன் ஆனவரை ஒரு நாளுக்குள் எழுப்பி நடக்க வைப்பார்கள். இரத்தக் கட்டி வராமல் இருக்க அது அவ்வளவு முக்கியம். கட்டுப் போட்ட கால் அந்த நடையைத் தடுக்கும். வாக்கரைப் பிடித்து உடம்பைத் தூக்க வயிறு இறுக வேண்டும், தையல் அதை விடாது. காலும் இல்லை, வயிறும் இல்லை என்றால் கை மட்டும்தான் மிச்சம், அந்தக் கையில் குழந்தை இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டையும் சேர்த்து அனுபவித்தார். முதல் பத்து நாள் கட்டிலில் புரண்டு படுக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சிசேரியனே சரி என்ற நிலைகளும் உண்டு. இடுப்பெலும்பே உடைந்திருந்தால், தொடையை அகட்டவே முடியாதபடி மேல் தொடையிலோ இடுப்பு மூட்டிலோ அடிபட்டிருந்தால் டாக்டர் அந்தப் பக்கம் சாயலாம். குழந்தை குறுக்கே கிடப்பது, நஞ்சுக்கொடி வழியை மறைப்பது, துடிப்பு குறைவது போன்ற காரணங்கள் கால் உடையாவிட்டாலும் காரணங்களே. அப்படி வந்தால் தயங்காதீர்கள். முன்கூட்டியே கூடுதல் ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

சுகப்பிரசவத்தின் லாபம் வயிற்றுத் தசை முழுசாக உங்களிடமே இருக்கும் என்பது. மறைந்த செலவுகளும் இருக்கின்றன. வலி எப்போது வரும் என்று தெரியாது, நள்ளிரவில் படி இறங்க வேண்டியிருக்கலாம். நடந்துகொண்டே வலியைத் தாங்க முடியாது, குந்த முடியாது. முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்துக்கொள்ள விரும்பினால், ஹெப்பாரின் ஊசி போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது முக்கியம். தினசரி முன்னெச்சரிக்கை அளவு என்றால் வழக்கமாக 12 மணி நேர இடைவெளி பார்ப்பார்கள், சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரம். என் காலண்டர் தாள் அப்போதுதான் பயன்பட்டது. முதுகு ஊசி போட்டபின் காலில் உணர்வு குறைந்துவிடும். கட்டு எங்கே அழுத்துகிறது, கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று மற்றவர்கள்தான் பார்க்க வேண்டும்.

மல்லாந்து இரண்டு காலையும் தூக்கிக் கட்டும் நிலை வேண்டாம் என்று முன்பே பேசிவைத்தோம். நான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். கட்டுப் போட்ட வலது கால் மேலே வந்தது. அதைத் தலையணை வைத்துத் தன் மடியில் ஏந்திக்கொண்டு நாத்தனார் கட்டிலோரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு வலிக்கும் முழங்காலை என் வயிற்றுப் பக்கம் மெல்ல மடக்கிப் பிடிப்பார், வலி போனதும் இறக்குவார். கடைசி ஒரு மணி நேரம் அவர் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வேலைக்கு வலுவான ஒருவரை முன்பே முடிவு செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடும் வழக்கம் இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள்.

நடுவில் ஒரு வழியும் உண்டு: 39 வாரம் முடிந்தபின், டாக்டர் சம்மதித்தால், தேதி குறித்து வலி வரவழைப்பது. சுகப்பிரசவத்தின் லாபமும் கிடைக்கும், நள்ளிரவு ஓட்டமும் மிச்சம். மாடியில் குடியிருப்பவர்கள், ஆஸ்பத்திரி தூரமாக உள்ளவர்கள் இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

எந்த வழியானாலும் மகப்பேறும் எலும்புப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை ஒரு வளாகம், எலும்புப் பிரிவு உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வேறு வளாகம். பிரிந்திருந்தால் எக்ஸ்ரே, கட்டுப் போட்ட தேதி, ஊசி விவரம் எல்லாவற்றின் நகலும் தாய்சேய் அட்டையோடு ஒரே பையில் இருக்கட்டும்.

பண விஷயம்: அரசு மருத்துவமனையில் பிரசவமும் சிசேரியனும் இலவசம், குழந்தையோடு வீட்டில் கொண்டுவிட 102 வண்டி உண்டு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். தனியாரில் சிசேரியனுக்குச் சுகப்பிரசவத்தைவிட அதிகம் ஆகும் என்பது தெரிந்ததே. கூடுதலாகத் தங்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## வாக்கரா, கக்கத்துக் கட்டையா, சக்கர நாற்காலியா?

| | வாக்கர் | கக்கத்துக் கட்டை | சக்கர நாற்காலி |
|---|---|---|---|
| பெரிய வயிற்றோடு நிலை தவறாமை | நல்லது | மோசம் | மிக நல்லது |
| நிலைப்படி, படிக்கட்டு | நிலைப்படி முடியும், படிக்கட்டு முடியாது | பழகினால் முடியும் | ஆள் தூக்க வேண்டும் |
| பாத்ரூம் கதவு | நுழையும் | நுழையும் | இரண்டடிக் கதவில் நுழையாது |
| உடம்புக்குத் தொல்லை | மணிக்கட்டு மரப்பு, உள்ளங்கை வலி | கக்க நரம்பு அழுத்தம், தோள் வலி | அதிகம் உட்கார்ந்தால் கால் வீக்கம் |
| குழந்தை பிறந்த பின் | கையில் எதையும் எடுக்க முடியாது | அதேதான் | மடியில் குழந்தையோடு மற்றவர் தள்ளலாம் |

கட்டை வேண்டவே வேண்டாம் என்பேன். வயிறு முன்னால் இழுக்கும், கட்டை பக்கவாட்டில் நிற்கும், ஈரத் தரையில் ஒரு முனை வழுக்கினால் இரண்டாவது முறை விழுவீர்கள். வாக்கர் வாங்குங்கள், சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுங்கள். இந்த இரண்டையும்விட எனக்கு அதிகம் உதவியது ஒரு கமோடு நாற்காலி. கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்தோம். ஒன்பதாம் மாதத்தில் இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் பாத்ரூம்வரை ஒற்றைக் காலில் போவது ஆபத்து. கூச்சம் இரண்டு நாளில் போய்விடும்.

## அம்மா வீடா, நம் வீடா?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அம்மாவின் கை பக்குவம், அழுதால் கேட்க ஆள், இதற்கெல்லாம் ஈடு இல்லை. வீடு தரைத்தளமாக, வெஸ்டர்ன் டாய்லெட்டோடு, ஆஸ்பத்திரிக்கு அருகில் இருந்தால் யோசிக்காமல் போய்விடுங்கள். என் அம்மா வீட்டில் கழிப்பறை கொல்லையில் இருக்கிறது, அதுவும் குந்தும் வகை. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. 35ஆவது வாரத்தில் டாக்டரையும் மாற்ற வேண்டும், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

நம் வீட்டில் கணவர் இருப்பார். தூக்க, தள்ள, இரவில் எழ ஒரு ஆணின் வலு வேண்டியிருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடைசியில் நாங்கள் செய்தது, அம்மாவை இங்கே வரவழைத்தது. சம்பந்தி வீட்டில் எப்படித் தங்குவது என்று அம்மா தயங்கினார். மாமியாரே போன் போட்டு, "நீங்க வந்தாத்தான் எனக்கும் தைரியம்" என்றார். சமையல் மாமியார், குழந்தை அம்மா, நான் கணவர் பொறுப்பு என்று பிரிந்தது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு, அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கால் உடைந்த நாளிலிருந்தே அதைத் தொடங்கினால் குழந்தையோடு இருக்கும் வாரங்கள் குறையும். முதலில் மருத்துவ விடுப்பைக் கேளுங்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவி தனியாக உண்டு.

துணைக்கு ஆள் எத்தனை நாள் வேண்டும் என்று எண்ணும்போது கட்டுப் பிரிக்கும் நாளோடு நிறுத்தாதீர்கள். எனக்குக் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். உள்ளே கெண்டைக்கால் பாதியாக மெலிந்து, தோல் செதில் செதிலாக இருந்தது. கணுக்கால் மடங்கவில்லை. பிசியோதெரபி செய்து, வாக்கரை விட்டு, இரண்டு கையிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்திலிருந்து வாசல்வரை நடக்க இன்னும் நான்கு வாரம் ஆயிற்று. அம்மாவின் திரும்பும் டிக்கெட்டை அதற்குள் இரண்டு முறை மாற்றியிருந்தோம்.